மூன்று தடவை கூப்பிட வேண்டும்

இல்லாத வீடு தண்ணீர் குடிக்கிறது என்று மீட்டர்காரர் வந்து சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க மேடம். முப்பத்தேழாம் நம்பர். நாலு மாசமா ஓடிக்கிட்டே இருக்கு."

செவ்வாய்க்கிழமை மதியம். அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே காகிதங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. மீட்டர்காரர் தன் நோட்டை அவள் மேஜையில் விரித்து, ஈர விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். தண்ணீர் வாரியத்தில் முப்பது வருடம் தெருத்தெருவாக நடந்து தேய்ந்த மனிதர். எண்ணை மட்டும்தான் நம்புவார். ஆளை நம்பமாட்டார் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"அந்த வீட்டை இடிச்சு மண்ணு கொட்டி புல்லு போட்டாச்சு. குழாய்ல எங்கயோ ஓட்டை இருக்கும்" என்றாள் அவள்.

"ஓட்டையா இருந்தா ராத்திரி பகல்னு பார்க்குமா? இது காலைல அஞ்சரைக்கு ஓடும், நிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடும், நிக்கும். நான் ரெண்டு நாள் மீட்டர் பொட்டி பக்கத்துலயே உக்காந்து பார்த்தேன். ஒரு ஆள் புழங்குற தண்ணி மேடம். குளிக்க, துவைக்க, குடிக்க. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"எலி எதாவது..."

"எலி மணி பார்த்துக் குளிக்குமா?" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதை விடுங்க. உங்க படிவத்துல தண்ணி வால்வு மூடியாச்சுன்னு டிக் அடிச்சிருக்கீங்க. வால்வு தொறந்துதான் கிடக்கு. அதான் மேல சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடலாம்னு வந்தேன்."

அவள் அந்த டிக்கைப் பார்த்தாள். அவள் போட்டதுதான். வாலை இழுத்துவிட்டு, அவசரமாக.

ஆற்றங்கரைக் குடியிருப்பில் மொத்தம் அறுபத்து மூன்று வீடுகள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆறு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். படகு, பொட்டலம், முகாம், மருந்து, சுவர் எழுப்பக் கொஞ்சம் உதவி. அடுத்த பெருமழைக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் இப்படி அழுவதைவிட அந்த வீடுகளையே விலைக்கு வாங்கி, இடித்து, நிலத்தைப் புல்லாக விட்டுவிட்டால் மொத்தச் செலவு பாதிகூட ஆகாது என்று யாரோ ஒரு புண்ணியவான் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். அவளும் அதை நம்பினாள், இன்றைக்கும் நம்புகிறாள். வாங்கிய நிலத்தில் ஒன்றும் கட்டக்கூடாது, எதையும் தோண்டக்கூடாது, ஆறு வந்தால் படுத்துப் புரண்டுவிட்டுப் போகட்டும் என்பது பத்திரத்திலேயே இருக்கிறது. போன மாத மழையில் ஆறு வந்தது, புல்லில் புரண்டது, போய்விட்டது. ஓர் உயிர்ச்சேதம்கூட இல்லை என்று மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பாராட்டினார்.

அவளுடைய வேலை இதில் ஒரே ஒரு கையெழுத்து. குடும்பம் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனபிறகு வீட்டுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு அறையிலும் நின்று "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, வாசற்கதவில் சாக்பீஸால் 'காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டால் இடிக்கிற வண்டிக்காரர் வேறு எதையும் பார்க்கமாட்டார். முதல் வருடம் ஒரு வீட்டுப் பரணில் குடித்துவிட்டுத் தூங்கியவனைக் கடைசி நிமிடத்தில் காலைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியதிலிருந்து வந்த விதி அது. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'காலி மேடம்'. அவள் வெறும் சமையலறையில் நின்று கூவுவதைப் பார்த்து வண்டிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று முப்பத்தாறு வீடுகளில் கூப்பிட்டாள். முப்பத்தெட்டிலிருந்து அறுபத்தொன்று வரையிலும் கூப்பிட்டாள்.

"நான் போய்ப் பார்த்து மூடிடறேன்" என்றாள் அவள். "மேல சொல்ல வேணாம்."

மீட்டர்காரர் நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அன்னிக்கு உள்ள போய்க் கூப்பிட்டீங்கல்ல மேடம்?"

"கூப்பிட்டேன்" என்றாள் அவள்.

அந்த வீட்டில் இருந்தது ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும். மனைவி தையல்காரம்மா. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ரோட்டை மட்டும் உயர்த்திப் போட்டுக்கொண்டே போனதில், அந்தத் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்துபோயின. முப்பத்தேழாம் வீட்டுக்கு வாசலிலிருந்து நாலு படி கீழே இறங்க வேண்டும். தையல் அறையின் ஜன்னல் ரோட்டின் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. அதன்வழியாகப் போகிறவர் வருகிறவர் காலை மட்டும் பார்த்து இன்னார் என்று சொல்லிவிடுவாள் தையல்காரம்மா. "மூஞ்சிய வெச்சு ஏமாத்தலாம் கண்ணு, நடையை வெச்சு ஏமாத்த முடியாது" என்பாள்.

முதல் கணக்கெடுப்புக்குப் போன நாளில் அவளுடைய செருப்பு வார் அறுந்துபோனது. தையல்காரம்மாதான் வாங்கி, மெஷினில் கொடுத்து, மஞ்சள் நூலால் தைத்துத் தந்தாள். நீல வாரில் மஞ்சள் நூல் பளிச்சென்று தெரிந்தது. "இருந்த நூல் அதுதான். அழகா முக்கியம், நடந்தாப் போதாதா?" என்றாள். அவள் மகளுக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் பாவாடை தைத்துக் கொடுத்ததும் தையல்காரம்மாதான். "கீழ ரெண்டு அங்குலம் உள்ள மடிச்சு விட்டிருக்கேன். பாப்பா வளர்ந்ததும் கொண்டா, பிரிச்சு நீளமாக்கித் தரேன். இது என் வாக்கு."

அவர்களுக்குள் அப்படியொரு பழக்கம். அதனால்தான் கடைசியில் அந்தப் பேச்சும் வந்தது. டிரைவர் விற்பதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார், தையல்காரம்மாவுக்கு மனசில்லை. புருஷனோடு பேச்சு நின்று பத்து நாள் ஆகியிருந்தது.

"எனக்கும் தெரியும் கண்ணு, இங்க இருந்தா என்னிக்காவது தண்ணிதான் என்னைக் கொண்டுபோகும். ஆனா நானா இந்தப் படியேறி வெளியே போக என்னால ஆகல. அவரு கூப்பிட்டாப் போகமாட்டேன், சத்தியமா. நீ கடைசி நாள் வந்து எல்லா வீட்டுலயும் கூப்பிடுவியே, அது மாதிரி உள்ள வந்து என்னைக் கூப்பிடு. நீ கூப்பிட்டா வந்துடறேன். உன் கூடவே படியேறி வந்துடறேன்."

"கூப்பிடறேன்க்கா" என்று அவள் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்தக் கடைசி நாள் காலையில் நல்ல மழை. முப்பத்தேழாம் வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கிறது, உடனே வாருங்கள். வண்டிக்காரர் இன்ஜினை உறுமவிட்டபடி காத்திருந்தார். டிரைவர் குடைகூட இல்லாமல் நனைந்துகொண்டே சாவியைக் கையில் கொடுத்தார். "உள்ள ஒண்ணும் இல்ல மேடம். அவ அக்கா வீட்டுக்குப் போறேன்னு காலையிலயே பையை எடுத்துட்டா. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு." அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நாலு படி இறங்கினாள், கதவில் எழுதினாள், ஏறினாள். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி அவள் நினைப்பதில்லை. நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் வேறு பக்கம் திருப்பிவிட்டுவிடுவாள். நாலு மாதமாக அதில் நல்ல தேர்ச்சி வந்திருந்தது.

புதன்கிழமை அவள் டிரைவருக்குப் போன் செய்தாள். ஏதோ விடுபட்ட கையெழுத்து என்று பொய் சொன்னாள்.

"அவ அக்கா வீட்லதான் இருக்கா மேடம்" என்றார் டிரைவர். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "நான் போன் பண்ணல. எத்தனை நாளைக்குத்தான் நானே இறங்கிப் போறது? கோவம் தணிஞ்சா அவளே வரட்டும்."

அக்காவின் எண்ணை அவரிடமே வாங்கினாள்.

"இங்கயா? இங்க எங்க வந்தா?" என்றாள் அக்கா. "புருஷன் கூடப் புது வீட்டுக்குப் போய்ட்டா. கூடப்பிறந்தவ இருக்காளா செத்தாளான்னு ஒரு போன் உண்டா? வீடு வந்ததும் ஆளே மாறிட்டா. நீங்க பார்த்தா சொல்லுங்கம்மா, நான் கேட்டேன்னு."

"சொல்றேன்" என்று அவள் போனை வைத்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுக்கவில்லை, நெஞ்சுக்குள் யாரோ ஈரச்சாக்கைப் போட்டுவிட்ட மாதிரி கனத்தது. மேலதிகாரியிடம் போய்ச் சொல்லலாம். அவர்கள் தோண்டுவார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக அதிலிருந்து எல்லாம் வெளியே வரும்: மூடாத வால்வு, கூப்பிடாத குரல், திறக்காத கதவு. வேலை போகும். ஜெயில்கூட உண்டு. அப்பா இல்லாத பெண்ணுக்கு அம்மாவும் இல்லாமல் போகும். அதுவும் நாலு மாதம் ஆகிவிட்டது. தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? இனி தோண்டி யாரை மீட்பது?

ஆனால் தண்ணீர் ஓடுகிறதே என்று இன்னொரு குரல் கேட்டது. ஓர் ஆள் புழங்குகிற தண்ணீர்.

வியாழக்கிழமை காலை மகள் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். ஒன்பது வயது, இந்த நாலு மாதத்தில் ஒரேயடியாக வளர்ந்து, முட்டிக்கு மேலே போய்விட்ட பாவாடையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தவள். இன்றைக்கு இழுக்கவில்லை.

"எப்பம்மா நீளமாக்கின? ராத்திரியா?"

அவள் குனிந்து பார்த்தாள். உள்ளே மடித்திருந்த இரண்டு அங்குலம் பிரிக்கப்பட்டு, ஓரம் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது. நேரான, நெருக்கமான, கைதேர்ந்த தையல். மஞ்சள் நூல். நீலப் பாவாடையில் மஞ்சள் நூலைப் போட்டுத் தைக்க வீட்டில் தையல் ஊசிகூட உருப்படியாகக் கிடையாது. துணி ஈரமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். மெஷின் எண்ணெயும், நாள்பட்ட ஈரத்துணியும், அதற்கடியில் மண்ணும்.

"அதைக் கழட்டு" என்றாள்.

"ஏன்மா? நல்லாத்தானே இருக்கு. எங்கிட்ட வேற பாவாடை எங்க இருக்கு?"

வேறு இல்லை. பள்ளிக்கூட வேன் வாசலில் ஹாரன் அடித்தது. மகள் அதைப் போட்டுக்கொண்டே ஓடிப்போனாள். தையல்காரம்மா கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். இன்னும் நேரம் இருக்கிறது என்று யாரோ பொறுமையாகச் சொல்லி அனுப்பியதைப் போல இருந்தது. வந்து கூப்பிடு கண்ணு. நீ கூப்பிட்டா வந்துடறேன்.

அவளுக்கு அதுதான் பயம். கூப்பிட்டால் வந்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, நீளமான இரும்பு வால்வுச்சாவியை எடுத்துக்கொண்டு போனாள். மழை வரும்போல வானம் இறங்கியிருந்தது. ஆள் நடமாட்டமில்லாத தெருவில் இரண்டு பக்கமும் புல். ஒரே உயரத்தில், ஒரே பச்சையில், அறுபத்தொரு வீடுகள் நின்ற இடம் எது, வாசல் எது, சமையலறை எது என்று ஒன்றும் சொல்லாத புல். கடைசியில் விற்காமல் அடம்பிடிக்கும் இரண்டு வீடுகள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தூரத்தில் நின்றன. அவற்றுக்காகத்தான் பெரிய குழாயை இன்னும் நிறுத்தவில்லை. ஆற்றிலிருந்து தவளைச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. முப்பத்தேழின் இரும்புப் பெட்டி ரோட்டோரத்தில் புல்லுக்குள் பாதி மறைந்து கிடந்தது.

அவள் மண்டியிட்டு மூடியைத் தூக்கினாள். கண்ணாடிக்குள் மீட்டரின் சின்னச் சக்கரம் அசையாமல் நின்றது. மணி ஐந்து ஐம்பத்தெட்டு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றுமில்லை. பைத்தியக்கார மனிதர், இவர் பேச்சைக் கேட்டு வந்தேனே என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ள வாயெடுத்தாள்.

சக்கரம் சுற்றியது.

பரபரப்பில்லாமல், குழாயைத் திறந்து குடத்தை வைத்துவிட்டு ஒருவர் பக்கத்தில் நிற்கிற வேகத்தில் சுற்றியது. தரையில் கையை ஊன்றியிருந்தாள்; உள்ளங்கைக்குக் கீழே, மண்ணுக்கு அடியில், தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற அதிர்வு தெரிந்தது. முதலில் அடிப்பாத்திரத்தின் வெற்றொலி. பிறகு நிறைய நிறைய ஒலி மெலிந்தது. நின்றது. ஏதோ நகர்த்தி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு இன்னொரு சத்தம் ஆரம்பித்தது, வெகு ஆழத்தில், சீராக. டகடகடக என்று ஓடி, நின்று, துணியைத் திருப்புகிற அளவு நேரம் விட்டு, மறுபடி ஓடியது.

மேலே இருந்த சுவர்களைத்தான் இடித்தார்கள். ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருந்ததை யாரும் தொடவில்லை. இடிபாட்டை அள்ளியதும் பள்ளத்தில் மண்ணைக் கொட்டி, உருளையை ஓட்டிச் சமமாக்கிவிட்டார்கள். வேலை சுலபம் என்று வண்டிக்காரர் சொன்னதுகூட அவளுக்கு ஞாபகம் வந்தது.

இப்போது கூப்பிட வேண்டும். அதற்குத்தான் அவள் வந்திருக்க வேண்டும். மூன்று தடவை. "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டாலே போதும். பிறகு ஓடிப்போய் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வரலாம், தோண்டச் சொல்லலாம், நான்தான் செய்தேன் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். மகளின் முகம் வந்தது. ஜெயில் கம்பி வந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று வந்தது: நாலு மாதம் மண்ணுக்குள் இருந்த ஒன்று இந்தப் புல்லைப் பிளந்துகொண்டு, நாலு படி ஏறி, அவள் கையைப் பிடித்துக்கொள்ள மேலே வருவது.

அவள் வால்வுச்சாவியைப் பொருத்தித் திருகினாள்.

துருப்பிடித்த வால்வு முனகியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் இறுகி நின்றது.

கீழே தையல் மெஷின் நின்றது.

யாரோ தலையைத் தூக்கி மேலே பார்ப்பதைப் போன்ற அமைதி. அந்த அமைதியை அவள் அறிவாள். இதற்குமுன் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். நாலு மாதமாகத் திருப்பி விட்டுக்கொண்டே இருந்த நினைப்பு இப்போது திரும்பமாட்டேன் என்று நின்றுவிட்டது.

அன்றைக்குக் கதவில் அவள் 'காலி' என்று எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மழைச்சத்தத்தில் கேட்கவில்லை என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள், ஆனால் கேட்டது. சாக்பீஸ் கதவில் கீச்சிட்டதும் மெஷின் நின்றது. உள்ளே இருந்தவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள், கூப்பிடுவாளென்று. அவள் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு விறுவிறுவென்று படியேறினாள். பின்னாலிருந்து மெல்ல, கொஞ்சம் வெட்கத்தோடு ஒரு குரல் வந்தது. "கண்ணு, இருக்கேன்."

அவள் நின்றாள். ஒரு கணம், முழுசாக ஒரு கணம் நின்றாள். உள்ளே போனால் அழுகை, சமாதானம், பை கட்டுவது, ஒரு மணி நேரம். பாப்பாவுக்குக் காய்ச்சல். அது பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும்.

நடந்தாள்.

"மன்னிச்சிடுக்கா" என்று புல்லைப் பார்த்துச் சொன்னாள். மூடியைப் போட்டாள். எழுந்து நடந்தாள். ரோட்டுக்கடியில், குழாயோடு சேர்ந்தே, டொக் டொக் என்று ஒரு தட்டல் தெரு முனைவரை அவள் கூடவே வந்தது.

மீட்டர்காரருக்குப் போனில் சொன்னாள். "ஓட்டைதான். அடைச்சாச்சு."

அவர் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "சரி மேடம்" என்றார். "எண்ணு நின்னாச் சரி."

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்தது.

மழை பெய்துகொண்டிருந்தது. அறையில் சாம்பல் வெளிச்சம். வழக்கமாக ஜன்னல் வழியே தெரிகிற எதிர்வீட்டு மாடியும் வானமும் இல்லாமல், மேலே ஓரமாக ஒரு கோடு வெளிச்சம் மட்டும் இருந்தது. காற்று கனமாக, பெட்டிக்குள் பூட்டிவைத்த துணியின் வாடையோடு இருந்தது. மகள் பக்கத்தில் இல்லை. அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். தரை ஜில்லென்றிருந்தது. ஈரமாக இருந்தது. சமையலறைக் குழாயில் தண்ணீர் இல்லை. திருகினால் காற்று மட்டும் முனகியது.

மகள் கூடத்து ஜன்னலடியில் நின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமையில் எதற்கோ யூனிஃபார்ம் பாவாடையை மாட்டியிருந்தாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ரோடு ஏன் மேல போயிடுச்சு?"

ஜன்னலுக்கு வெளியே தெரு கண்மட்டத்தில் இருந்தது. ஈரத் தார். துள்ளும் மழைத்துளி. வாசற்கதவுக்கு அந்தப் பக்கம் படிகள் ஏறுவது கதவிடுக்கில் தெரிந்தது. எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. நாலு.

ஜன்னலருகே கால்கள் வந்தன.

ஒரு பெண்ணின் கால்கள். அவசர நடை. நனைந்த புடவை ஓரம், குடையிலிருந்து சொட்டும் தண்ணீர். நீல வார்ச் செருப்பு. வலது வாரில் மஞ்சள் நூல்.

அவள் கதவோரம் செருப்பு விடுகிற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். காலியாக இருந்தது.

கால்கள் படியிறங்கின. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அது யார் மூச்சு என்று அவளுக்குத் தெரியும்.

கூப்பிடு, என்று அவள் நினைத்தாள். கூப்பிடு. விதி இருக்கிறது. மூன்று தடவை. ஒரு தடவையாவது.

சாக்பீஸ் கதவில் கீச்சிட்டது.

முதல் எழுத்து. கால் போட்டாயிற்று. இரண்டாவது எழுத்து, மேலே ஒரு சுழி. பிறகு கையெழுத்து, வாலை இழுத்துவிட்டு, அவசரமாக.

"இருக்கோம்!" என்று அவள் கத்தினாள். "உள்ள இருக்கோம்! பாப்பா இருக்கா! இங்க ஆள் இருக்கோம்!" கதவை இழுத்தாள். வரவில்லை. நாதாங்கியை நீக்கி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் ஊறிப்போன மரம் நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மகளும் ஓடிவந்து சின்னக் கைகளால் கதவைத் தட்டினாள்.

படியேறிக்கொண்டிருந்த காலடி நின்றது.

ஒரு கணம்.

முழுசாக ஒரு கணம். அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்று உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கதவில் நெற்றியை வைத்து, குரலே இல்லாமல், கெஞ்சினாள்.

காலடி நடந்தது.

நீல வார்ச் செருப்புகள் ஜன்னலைத் தாண்டி விறுவிறுவென்று போயின. ஜீப் கதவு சாத்தப்பட்டது. தெரு முனையில் பெரிய இன்ஜின் உறுமியது. தரை லேசாக அதிர்ந்தது. அலமாரியில் இருந்த தம்ளர் மெல்ல விளிம்பை நோக்கி நகர ஆரம்பித்தது.

பின்னால், உள்ளறையில், தையல் மெஷின் ஓடியது. நின்றது. துணியைத் திருப்புகிற அளவு நேரம். மறுபடி ஓடியது.

"நாம இருக்கோம்னு அவங்களுக்குக் கேக்கலையாம்மா?" என்றாள் மகள்.

அவள் மகளை வாரி அணைத்துக்கொண்டாள். பாவாடை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் இருந்த ஒரு கோடு வெளிச்சத்தையும் மறைத்தபடி, மண் அப்பிய இரும்புப் பல் ஒன்று மேலிருந்து மெதுவாக இறங்கி வந்தது.